சம்பளமில்லாத சனிக்கிழமைகள்

அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை, பெரிய இடத்துக்குப் போகிற கடிதமாயிற்றே என்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தானே தலையாட்டிக்கொண்டு, நடுநடுவே தமிழிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு. "இவள் எங்களுக்குத் தங்கை மாதிரி. கடந்த எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு வந்து, மாலை நாலு மணி வரைக்கும் எங்கள் குழந்தையைத் தன் குழந்தையாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு பைசா வாங்கியதில்லை. இவ்வளவு நேரம் தவறாத, பொறுப்பான பெண்ணை நாங்கள் கண்டதில்லை."

"எப்படி? 'ஒரு பைசா வாங்கினதில்ல'ன்னு போட்டிருக்கேன் பாரு, அதுலதான் வெயிட்டே," என்றாள் அக்கா.

இந்த வெளிநாட்டில் அவள் படிப்பு முடிய இன்னும் ஒரு பருவம் இருந்தது. ஆய்வறிக்கை இழுத்துக்கொண்டே போனதில் விசா முந்திக்கொண்டு முடிகிறது. அதை நீட்டிக்க, உள்ளூரில் அவளை அறிந்த ஒருவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருந்தார்கள். இந்த ஊரில் தன்னை அறிந்தவர் யார் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. யோசித்திருந்தாலும் இரண்டாவதாக ஒரு பெயர் கிடைத்திருக்காது.

அவளைச் சலவைக் கூடத்தில் 'இருபது' என்று கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. மாணவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். மேற்பார்வையாளர் மனுஷன் அதில் மகா கறார். இருபதாவது மணி முடிந்தது என்றால், அவள் கையில் பாதி மடித்த போர்வை இருந்தாலும் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, போ போ என்று கை காட்டிவிடுவார். எமன்கூட இவ்வளவு கணக்காக வரமாட்டான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. வைத்தவர்கள் அன்பாகத்தான் வைத்தார்கள். ஆனால் அதற்கு மேல் பேச அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே மொழி இல்லை. துணி தேய்க்கிற சூடான உருளைக்குள் விரிப்பை விடுவதற்கு எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். எதிரே நிற்கிற பெண்மணி 'இழு' என்பதை முகவாயாலும் 'விடு' என்பதைப் புருவத்தாலும் சொல்வாள். நாலு மணி நேரம் இப்படி முகவாயும் புருவமுமாகப் போகும். வீட்டுக்கு வந்தால், ஒரே சமையலறையைப் பங்கு போடுகிற மூன்று பேரில் ஒருவரையும் பார்க்க முடியாது. பால் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய சீட்டுகளாகத்தான் அவர்கள் அவளுக்குப் பழக்கம்.

அக்கா கிடைத்தது பேருந்தில். போனில் அம்மாவிடம், "சாப்டேம்மா, நல்லாத்தான் சாப்டேன்," என்று அவள் புளுகிக்கொண்டிருந்தபோது, முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்தவள் சட்டென்று திரும்பி, "பொய்தானே?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அதற்கடுத்த சனிக்கிழமை, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற அக்காவுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. கிடங்கில் சரக்குப் பொறுப்பாளராக இருக்கிற மாமாவுக்கும் வார இறுதியில்தான் வேலை அதிகம். "ரெண்டு மணி நேரம் பாத்துக்கறியாடி?" என்று அக்கா கேட்டாள். ரெண்டு நாலாகி, நாலு எட்டாகி, பிறகு கேட்பதும் நின்றுபோனது. அவளும் கேட்கட்டும் என்று இருந்ததில்லை. குழந்தைக்கு ஒன்றரை வயது. நடையிலும் முறைப்பிலும் அதிகாரி தோரணை இருந்ததால் அவனை எல்லோரும் 'துரை' என்றார்கள். ஆறு நாள் அடைத்துவைத்த தமிழையெல்லாம் அவள் துரையிடம் கொட்டுவாள். சலவைக் கூடத்துப் புருவம், ஆய்வறிக்கையைத் திருப்பித் திருப்பி அனுப்புகிற பேராசிரியர், ஒழுகுகிற குழாய், எல்லாம். அவன் வாயில் விரலை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்பான். இரண்டு மாதமாக அவளைச் 'சித்தி' என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அக்கா சத்தியம் செய்தாள்.

ஊரிலிருந்து அம்மா, "அந்தப் பொண்ணு இருக்கற தைரியத்துலதான்டி நான் இங்க கண்ண மூடறேன்," என்பாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரிடம் போனாள். சின்ன அறை. மேசையில் கணினி, நாற்காலிப் பக்கமாகத் தள்ளி வைத்த காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. அழுகிறவர்கள் நிறைய வருவார்கள் போல, பெட்டி பாதி காலியாக இருந்தது. ஆலோசகர் நரைத்த தலையும் பென்சிலுமாக இருந்த பெண்மணி. கடிதத்தைப் பாதிவரை புன்னகையோடு படித்தவர், புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு பென்சிலால் இரண்டு இடத்தில் மெல்லிசாக வட்டம் போட்டார். எட்டு மணி. நாலு மணி.

இது இருபது மணி நேரத்துக்குள் வருகிறதா, வெளியே வருகிறதா என்று கேட்டார்.

இது வேலை இல்லையே, சம்பளமே கிடையாதே என்றாள் அவள்.

சம்பளம் இல்லை என்றால் வேலை இல்லை என்று யார் சொன்னது என்று ஆலோசகர் கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. சட்டத்தில் 'சம்பளத்தோடோ சம்பளமில்லாமலோ' என்றுதான் இருக்கிறதாம். கணினித் திரையைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். முதல் வருடம் கையெழுத்துப் போட்ட தாளில் அவளும் அதைப் படித்திருக்கத்தான் வேண்டும். சொந்தக்காரர்கள் வீட்டில் ஒத்தாசை செய்வது வேலையாகாது, நண்பர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கொஞ்சுவதும் ஆகாது, இது அந்த மாதிரியா வேலையா என்று பார்க்க நாலு கேள்வி உண்டு என்றார். குறிப்பிட்ட நேரத்துக்கு வரச் சொல்கிறார்களா? என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்களா? பதிலுக்கு ஏதாவது கிடைக்கிறதா? கடைசியாக, நீ போகவில்லை என்றால் அந்த இடத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைப்பார்களா?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். இருபது மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் ஆகக்கூடாது என்று போர்வையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள், வாரா வாரம் இருபத்தெட்டு மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாள். பரீட்சைக்கு விட்டது போக முப்பத்தொரு சனிக்கிழமை. அதற்கு எழுத்தில் சாட்சியும் கையில் வைத்திருக்கிறாள், அதுவும் பாசமாக.

ஆலோசகர் கடிதத்தை அவள் பக்கமாக நகர்த்தினார். இதைத் தான் எங்கும் குறித்துவைக்கப் போவதில்லை என்றார். ஆனால் விண்ணப்பத்தில் பதினேழாவது கேள்வி இருக்கிறது: எந்த ஒரு வாரத்திலாவது அனுமதிக்கு மேல் வேலை செய்திருக்கிறீர்களா? ஆம், இல்லை. கீழே கையெழுத்து அவளுடையது. ஆம் என்று போட்டு விளக்கினால், அறியாமல் செய்தது என்று விசா அதிகாரிகள் விடலாம், விடாமலும் போகலாம். விடவில்லை என்றால் படிப்பை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இல்லை என்று போட்டு, பிறகு தெரியவந்தால், பத்து வருடத்துக்கு எந்தக் கதவும் திறக்காது. தெரியவராமலும் போகலாம், அதைச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். வேலை செய்த இடத்தின் பெயர் வேண்டியதில்லை, 'தனியார் வீடு' என்று போட்டால் போதும், நற்சான்றுக் கடிதம் பல்கலைக்கழகத்திலேயே இருந்துவிடும் என்றார். திங்கட்கிழமைக்குள் வரச் சொன்னார். போகும்போது, அது வேலையா உறவா என்று உனக்குத்தான் தெரியும் என்றார். இதென்னடா, தெரியாததைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தால் இவர்கள் திருப்பிக் கேட்கிறார்களே என்று அவளுக்கு இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை அவள் அங்கே போனதே இல்லை என்பது, கதவைத் திறந்த மாமாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. துரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அக்காவுக்குத்தான் முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேலையா? யாருடி சொன்னா வேலைன்னு? தங்கச்சி அக்கா வீட்டுக்கு வந்தா அதுக்குப் பேரு வேலையா? அந்தப் பொம்பளைக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

அவளுக்கு அது தேன் மாதிரி இருந்தது. இதைக் கேட்கத்தானே வந்தோம் என்று நினைத்தாள்.

மாமா தொலைக்காட்சியை அணைத்தார். "நாலு கேள்வின்னியே, என்னென்ன?"

சொன்னாள். முதல் கேள்விக்கு அக்கா, "நேரத்துக்கு வந்தா நல்லதுதானே..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இரண்டாவது கேள்வியைச் சொன்னபோது மூன்று பேரும் ஒரே சமயத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். அங்கே சுவரில், அக்காவின் குண்டு குண்டுக் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எட்டரைக்குக் கஞ்சி. பத்துக்குப் பழம். பன்னிரண்டுக்குக் குளியல், வெந்நீர் ஆறியதா என்று முழங்கையால் பார்க்கவும். பன்னிரண்டரைக்குத் தூக்கம். மூன்றுக்குத் துணி காய்ந்திருந்தால் மடிக்கவும். மாமா எழுந்து போய் அந்தத் தாளை உரித்தார். பசை ஒட்டிய மூலைகள் சுவரிலேயே நின்றுவிட்டன. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்க விசாவே இன்னும் ரெண்டு வருஷத்துக்குத்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. நாளைக்கு யாராவது வந்து, எங்க வீட்ல ஆள் வெச்சு வேலை வாங்கினோம்னு கேட்டா நாங்க என்ன சொல்றது?"

"பேரு கேக்க மாட்டாங்களாம் மாமா."

"இன்னைக்குக் கேக்க மாட்டாங்க." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா, உன்ன யாரு இவ்ளோ விலாவாரியா எழுதச் சொன்னது?" என்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பாசமாகத்தான் எழுதினாள், அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் தொல்லை. மாமா சொல்லச் சொல்ல அவள் புதிதாக ஒரு கடிதம் எழுதினாள். மூன்றே வரி. இந்தப் பெண் பேருந்துப் பயணத்தில் பழக்கம். எப்போதாவது சந்திப்பதுண்டு. நல்ல பெண் என்றே தெரிகிறது. கீழே கையெழுத்து. இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பதினேழாவது கேள்விக்கு 'இல்லை' போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றார் மாமா. அவர் சொன்னது சரிதான். உலகத்தில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள்.

"கொஞ்ச நாள் வராம இரு. எல்லாம் சரியாயிடட்டும்," என்றார்.

வாசலில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நாள்தான்டி. சாப்டு. போன் பண்றேன்." அவளுக்குத் துரையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. கேட்க வாய் வரவில்லை. போன வாரம் வரை இந்த வீட்டில் அவள் எதற்கும் கேட்டதே கிடையாது.

சனிக்கிழமை ஆறு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்து இருபது மணி நேரமும் வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை, போவதற்கும் இடமில்லை. குளித்தாள். துணி துவைத்தாள். ஆய்வறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியை நாலு முறை படித்தாள். எட்டு மணிக்கு போனைப் பார்த்தாள். எட்டரைக்கு, இப்போது கஞ்சி என்று தோன்றியது. அம்மா கூப்பிட்டபோது, "என்னடி பின்னாடி சத்தத்தையே காணோம், எங்க நம்ம ஆளு?" என்றாள். "தூங்கறாம்மா," என்றாள் அவள். அம்மாவிடம் சொன்ன பொய்களில் இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இதைச் சொன்ன பிறகு, நிஜமாகவே பக்கத்து அறையில் ஒரு குழந்தை தூங்குவது போல மெதுவாகப் பேச வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு, தமிழ் மாணவர்கள் எல்லோரும் இருக்கிற செய்திக் குழுவில் ஒன்று வந்தது. யாரோ பகிர்ந்திருந்தார்கள், எழுதியது அக்காதான். நடையே சொன்னது. "சனிக்கிழமைகளில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பொறுப்பான, பாசமான பெண் தேவை. காலை எட்டிலிருந்து நாலு வரை. முறையான சம்பளம். வேறு வேலை எதுவும் பார்க்காதவராக இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்வோம்."

அதை இரண்டு முறை படித்தாள். அக்காமேல் கோபப்பட முயன்று பார்த்தாள், வரவில்லை. அக்காவுக்கும் வேலைக்குப் போக வேண்டுமே. துரைக்கும் யாராவது கஞ்சி ஊட்ட வேண்டுமே. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. சம்பளத்துக்கு ஆள் வைப்பார்களா என்ற அந்த நாலாவது கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சின்னக் குரல். இந்தப் பருவத்தில்தான் வந்து சேர்ந்தவளாம்.

"அக்கா, நீங்கதான் அந்த வீட்ல பாப்பாவ பாத்துட்டு இருந்தீங்களாமே? எல்லாம் உங்களுக்குத் தெரியும், கேட்டுக்கோன்னு நம்பர் குடுத்தாங்க. அடுத்த வாரத்துலேந்து நான்."

அவளை யாரும் இந்த ஊரில் அக்கா என்றதில்லை. "ம், சொல்லு," என்றாள்.

"எப்படி அந்த வீடு? நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க." அதில் சந்தேகமே இல்லை. "உனக்கு வேற வேலை எதுவும் இல்லையே? வாரத்துக்கு இருபது மணி நேரம்தான், தெரியும்ல? ஓசியா செஞ்சாலும் அதுல சேத்தி. எழுதி வெச்சுக்கோ."

"ஓசியா யாருக்கா செய்வாங்க?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். கஞ்சியைக் கிண்ணத்தில் கொடுத்தால் தட்டிவிடுவான், டம்ளரில் ஊற்றினால் பெரிய மனுஷன் மாதிரிக் குடிப்பான். தூங்க வைக்கத் தோளில் போடக்கூடாது, மடியில் இடது பக்கமாகப் படுக்க வைத்து, காது மடலை மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். துணி மடிக்கும்போது கூடையைக் கவிழ்ப்பான், திட்டாதே, அவனுக்கு அது விளையாட்டு. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது மட்டும் அழுவான். துண்டை உன் தலையிலும் போட்டுக்கொண்டால் நிறுத்திவிடுவான். சொல்லிக்கொண்டே வந்தவள், தான் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். சலவைக் கூடத்தில் ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வரும்போது, இந்த உருளை கொஞ்சம் இழுக்கும், அந்தப் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும் என்று சைகையில் காட்டிவிட்டுப் போவார்களே, அதையேதான் அவளும் செய்துகொண்டிருந்தாள்.

"தேங்க்ஸ்க்கா. ஆமா, உங்கள என்னன்னு கூப்பிடுவான்?"

"ஒண்ணும் கூப்பிட மாட்டான்," என்றாள். "இன்னும் பேச்சு வரல."

திங்கட்கிழமை ஆலோசகரின் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு போன், யாரும் யாரோடும் பேசவில்லை. அவள் பையில் இரண்டு கடிதமும் இருந்தன. முந்தின நாள் முழுக்க இரண்டையும் எடுத்து எடுத்துப் பார்த்திருந்தாள். மூன்று வரிக் கடிதத்தில் ஆபத்து இல்லை. அதில் வருகிற பெண் யாரையோ பேருந்தில் பார்ப்பாள், வணக்கம் சொல்வாள், இறங்கிப் போய்விடுவாள். அந்தப் பெண்ணுக்கு விசா கிடைக்கும். ஆனால் 'இல்லை' என்று போட்டால் முப்பத்தொரு சனிக்கிழமையும் இல்லை என்றாகிவிடும். உறவு என்று சொல்ல இனி வழியில்லை, அதை அக்காவே விளம்பரம் போட்டுச் சொல்லியாகிவிட்டது. வேலை என்று சொன்னாலாவது அது நடந்தது என்று எங்கேயாவது ஒரு காகிதத்தில் இருக்கும். இதற்காகப் படிப்பையே பணயம் வைப்பது புத்திசாலித்தனம் இல்லைதான். இந்த ஊரில் அவளுக்கு நடந்தது என்று இருந்தது அது ஒன்றுதான்.

உள்ளே போய் முதல் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். ஆலோசகர் அவளையும் கடிதத்தையும் பார்த்தார். நிச்சயமா என்று கேட்டார். அவள் பேனாவை எடுத்துப் பதினேழாவது கேள்வியில் 'ஆம்' என்ற கட்டத்தை நிரப்பினாள். முடிவு தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார் ஆலோசகர். அதுவரை சலவைக் கூடத்துக்குப் போகலாம், இருபது மணி நேரம்.

அடுத்த பக்கத்தில், இடம்: தனியார் வீடு. வாரத்துக்குக் கூடுதல் மணி நேரம்: எட்டு. அதற்குக் கீழே, செய்த வேலையின் விவரம் என்று நாலு கோடு விட்டிருந்தார்கள். குழந்தை பராமரிப்பு என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும் என்று ஆலோசகர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். காலை எட்டரைக்குக் கஞ்சி கொடுப்பது, டம்ளரில். பத்து மணிக்குப் பழம், மசித்து. நாலு கோடும் துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிற இடத்துக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டன. நிமிர்ந்து, இன்னொரு தாள் கிடைக்குமா என்று கேட்டாள்.

இவ்வளவு தேவையில்லை என்று சொல்லத்தான் ஆலோசகர் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அச்சு இயந்திரத்தின் தட்டை இழுத்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார். ஆலோசகர் எழுந்து போய், ஐந்து நிமிஷம் என்று அவரிடம் விரல் காட்டிவிட்டு வந்தார். அவள் தலை நிமிரவில்லை. வரிகள் கோணாமல் இருக்க இடது கையைத் தாளின் ஓரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் பன்னிரண்டரை மணிதான் ஆகியிருந்தது, தூங்க வைக்கிற நேரம்.